வெள்ளைப்புள்ளியும் என் மேல் ஸ்தாயியும்

எங்கள் இசைக்குழுவின் பாடகர் இத்தாலிக்குப் போன செய்தி, அவர் போய் இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. சிலாபத்திலிருந்து நீர்கொழும்புவரை வீட்டுக்கொருவர் இத்தாலியில் இருக்கிற கரையில் இது பெரிய அதிசயம் இல்லை.  போனவர் மைக்கை விட்டுவிட்டுத்தான் போயிருந்தார். அந்த மைக்குக்குள் போகவேண்டிய குரல்தான் எங்கள் யாரிடமும் இல்லை.

மிஞ்சியது நாங்கள் நான்கு பேர். டிரம்ஸ் அடிப்பவர் சிலாபத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் சிங்களவர். லீட் கிற்றாரும் பேஸ் கிற்றாரும் முந்தலைச் சேர்ந்த அண்ணன் தம்பி. நான் உடப்பு ஊர்க்காரன். பதினெட்டு வருடமாக ரிதம் கிற்றாரை வைத்துக்கொண்டு பின்வரிசையில் நின்று, தேவையான இடத்தில் கீழ்க்குரலில் "ஆ" போடுகிறவன். கல்யாண வீட்டுப் படங்களில் என்னைத் தேடினால் பாடகரின் தோளுக்குப் பின்னால் ஒரு காது தெரியும். அது என்னுடையது.

கற்பிட்டியில் காற்றுக் காலம் தொடங்கும்போது பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வந்து நிறைவார்கள். அங்கே ஒரு ஹோட்டலில் சீசனின் முதல் சனிக்கிழமை எங்கள் நிகழ்ச்சி என்று முன்னரே பேசியிருந்தோம். ஹோட்டல் மனேஜருக்கு ஒரே ஒரு நிபந்தனை. எங்கள் பழைய பாடகர் பாடிக் காட்டிய அந்த ஆங்கில ரொக் பாட்டு கட்டாயம் இருக்கவேண்டும். அது சாதாரணமாகத் தொடங்கும், நடுவில் கொஞ்சம் ஏறும், கடைசியில் மனிதக் குரல் போகக்கூடாத ஓர் இடத்துக்குப் போய் அங்கேயே நிற்கும்.

"சுருதியை இறக்கிப் பாடுவோம்," என்றேன்.

"இறக்கினா அது பாட்டு இல்ல, தாலாட்டு," என்றார் லீட் கிற்றார். அவருக்குத் தன் விரல் பழகிய இடத்தைவிட்டு அசைய விருப்பம் இல்லை. அதை இசையறிவு மாதிரிச் சொன்னார்.

டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்தார். "மச்சான், நீ பாடு. ரெண்டு மாசம் இருக்கு."

நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் பதினெட்டு வருடமாக அந்தப் பாட்டு என் தோளுக்கு முன்னால் நின்ற ஆளின் வாயிலிருந்து போயிருக்கிறது. ஒரு தரமாவது அது என் வாயிலிருந்து போகவேண்டும் என்று எனக்கு ஆசை. நாற்பத்தொரு வயதில் வெளியே சொல்ல வெட்கமான ஆசை. ஓம் என்றேன்.

முதல் பயிற்சி வீட்டில். குசினியில் இருந்த மனைவி கரண்டியோடு ஓடி வந்தார். "நீங்க ஆரையும் கூப்பிடுறீங்களா, இல்ல ஆரும் உங்களைக் கொல்லுறாங்களா?" அதற்குள் இரண்டு வேலிக்கு அப்பால் வலை பொத்திக்கொண்டிருந்தவர் படலைக்கு வந்துவிட்டார். நான் அலுமாரி காலில் விழுந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த நாளும் அலுமாரி விழ முடியாது அல்லவா. வேறு இடம் தேடவேண்டியதாகிவிட்டது.

இடம் என் வேலையிலேயே இருந்தது. முந்தல் பக்கம் ஓர் இறால் பண்ணையில் நான் தண்ணீர் பார்க்கிறவன். உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, இறால் தின்கிறதா, தட்டில் போட்ட தீன் மிஞ்சுகிறதா என்று குளம் குளமாகப் பார்த்து எழுதுவது என் தொழில். இறாலுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும் என்பதற்காகக் குளங்களில் தண்ணீரைக் கடைகிற சக்கரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பண்ணையில் மட்டுமல்ல, வாய்க்கால் நெடுக உள்ள எல்லாப் பண்ணைகளிலும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. கடைசிக் குளத்து வரம்பில் போய் நின்றேன். எனக்கும் இறாலுக்கும் நடுவில் யாரும் இல்லை.

வாத்தியார் என் போன்தான். ஒரு வீடியோவில் வந்தவர் தொண்டையைத் திற என்றார். அடுத்தவர் தொண்டையை ஒடுக்கு என்றார். மூன்றாமவர் தொண்டை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடு என்றார். நான்காமவர் வயிற்றில் மூச்சைப் பிடி என்றார். இது எனக்கு விளங்கிய மாதிரி இருந்தது. பிடித்தேன். ஒரு கிழமை, ஏழு நாளும் விடாமல் பிடித்ததில் விலாவில் மூச்சுப்பிடிப்பு வந்து, தீன் தட்டைத் தூக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். மூன்று நாள் மனைவி தைலம் தேய்த்தார். "பாட்டுக்காரர் எண்டா கையில கிளாசை வச்சுக்கொண்டு நிப்பாங்க. நீங்க வாளியத் தூக்கின கிழவன் மாதிரி நிக்கிறீங்க," என்றார்.

பிறகுதான் ஆள் வைத்துப் படிப்பது என்று முடிவெடுத்தேன். சிலாபத்தில் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிற ஒரு பெண்பிள்ளை, வயது இருபத்துநான்கு, போனிலேயே பாடம் சொல்லித் தருவதாக டிரம்ஸ்காரர் நம்பர் தந்தார். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் பாடம். முதல் நாள், "அங்கிள், ஒரு தரம் பாடிக் காட்டுங்களேன்," என்றது. அங்கிள் என்றதை விழுங்கிக்கொண்டு பாடினேன். முடிந்ததும் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அங்கிள், உங்களுக்கு நோகேல்லையா?"

"நோகுது."

"எனக்கும்," என்றது அந்தப் பிள்ளை.

அதன் பிறகு அது சொன்னது எல்லாம் என் பிழைகளின் பட்டியல்தான். சுரம் ஏற ஏற நான் முகவாய் நாடியையும் மேலே தூக்குகிறேனாம், தென்னை மரத்தில் குரும்பை பார்க்கிறவன் மாதிரி. நாடி ஏறினால் தொண்டைக் குமிழும் ஏறும், ஏறினால் இறுகும், இறுகினால் கத்தத்தான் முடியும், பாட முடியாது. "சுரம்தான் மேல போகோணும் அங்கிள், நீங்க இல்ல." கண்ணாடிக்கு முன்னால் நின்று நாடியை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு பாடச் சொன்னது. மோட்டார்சைக்கிள் ஓட்டும் குழந்தை மாதிரி உதட்டைப் பர்ர்ர் என்று அதிரவிட்டுக்கொண்டு கீழிருந்து மேலே போகச் சொன்னது. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவைப் போட்டு, குமிழி விட்டபடியே பாட்டின் மெட்டை முனகச் சொன்னது. அது தொண்டைக்கு மிகவும் நல்லது என்றது. என் மனைவி வாசலில் நின்று பார்த்தார். "பகல் முழுக்க இறாலுக்குக் காத்து விடுறது போதாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரிய தலையிடி கள்ளத்தொண்டை. மேல் ஸ்தாயியில் வரும் மெல்லிய, பெண்குரல் மாதிரியான குரலுக்கு அதுதான் பெயர். பெயரைக் கேட்டவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஏழு வருடம் மோட்டார் பம்புக்கு மேலால் கத்திப் பழகிய ஆள். அந்தக் குரலை எடுத்தால் சிரிப்பு வந்தது. பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. "வெக்கப்படாம கள்ளத்தொண்டையை எடுங்க அங்கிள். அதுக்குள்ள நெஞ்சுக் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக் கலப்போம். பால்தேத்தண்ணி மாதிரி. ஒண்டு தனியா இருந்தா சரி வராது." நான் பால் கலக்காத வெறும் சாயமாகவே நாற்பத்தொரு வருடம் இருந்திருக்கிறேன் போல.

உச்சியில் வரும் சொல்லில் "ஈ" சத்தம் இருந்தது. அதைக் கொஞ்சம் "எ" பக்கம் திருப்பிச் சொன்னால் தொண்டை இறுகாது என்றது. "அதாவது இங்கிலீசைக் கொஞ்சம் பிழையாச் சொல்லோணும்." அந்த ஒரு பாடத்தில் மட்டும் நான் முதல் தரத்திலேயே பாஸ்.

ஆனாலும் கலக்கிற வித்தை கைவரவில்லை. ஐந்தாம் கிழமை, பிள்ளை பொறுமை போய்க் கேட்டது. "அங்கிள், தூரத்து வரம்பில நிக்கிற ஆளை நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஓஓஓய்ய்!" என்றேன்.

"திருப்பிக் கூப்பிடுங்க."

"ஓஓஓய்ய்!"

"அனே அங்கிள், அதுதானே! அதுதான் நான் இவ்வளவு நாளும் கேக்கிறது! நோகுதா?"

நோகவில்லை. ஒரு நாளைக்கு இருபது தரம் கூப்பிடுகிறேன், இதுவரை ஒரு தரமும் நொந்ததில்லை. அந்தக் கூவலில் நாடி ஏறவில்லை, தொண்டை இறுகவில்லை, கள்ளத்தொண்டையும் நெஞ்சுக் குரலும் தாமாகவே கலந்திருந்தன. பாட்டு என்று நினைத்தவுடன்தான் நான் குரும்பை பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அன்றிலிருந்து அந்தக் கடைசி வரியைப் பாடாமல் கூப்பிடத் தொடங்கினேன். ஏழாம் கிழமை ஒரு பின்னேரம், சக்கர இரைச்சலுக்கு நடுவே, அந்தச் சுரம் வந்து நின்றது. சுத்தமாக நின்றது. எனக்கே நம்ப முடியவில்லை. வரம்பில் யாரும் இல்லை என்பதால் கொஞ்சம் அழுதேன்.

இனிச் சனிக்கிழமைக்கு முந்திய புதன். பின்னேரம் டிரம்ஸ்காரர் போன் எடுத்தார். "மச்சான், வேலை அவுல், பெரிய சிக்கல். மனேஜர் முதலாளியையும் கூட்டிக்கொண்டு வாறாராம். நல்லா இருந்தா சீசன் முழுக்க ஒவ்வொரு சனியும் நாங்கதான். இல்லாட்டி நீர்கொழும்பு பேண்ட். அந்தப் பாட்டை மட்டும் பார்த்துக்கொள்."

போனை வைத்தேன். உடனே பாடிப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. கடைசிக் குளத்து வரம்புக்கு ஓடினேன். பயம் வந்தால் படித்ததெல்லாம் பறந்துவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது. நாடி மேலே போனது. தொண்டை இறுகியது. விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உடம்பில் உள்ள பலத்தை எல்லாம் சேர்த்து உச்சியில் அடித்தேன்.

அந்த நொடியில் கரண்ட் போனது.

எங்கள் சக்கரங்கள் நின்றன. பக்கத்துப் பண்ணைச் சக்கரங்கள் நின்றன. வாய்க்கால் நெடுக எல்லாம் நின்றன. ஜெனரேட்டர் ஏற ஒரு நிமிடம் எடுக்கும். அந்த ஒரு நிமிடத்தின் தொடக்கத்தில் அத்தனை குளங்களுக்கு மேலேயும் ஒரேயொரு சத்தம் இருந்தது, அது நான். என் குரலை இரைச்சல் இல்லாமல் நானும் முதல் தடவையாகக் கேட்டேன். யாருக்கோ ஆபத்து, ஓடிப்போய் உதவவேண்டும் என்றுதான் எனக்கே தோன்றியது. கொக்குகள் கிளம்பிப் போயின. தொண்டைக்குள் ஏதோ உரிந்த மாதிரி எரிந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். இறால் குளத்து வரம்பில் ஒரு மனிதன் அலறினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வெள்ளைப்புள்ளி. தட்டைத் தூக்கிப் பார்க்கும்போது இறாலின் ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்தக் குளம் சில நாட்களில் முடிந்தது. அதைக் கண்டவன் அலறுவான். பிறகு பக்கத்துக் குளக்காரர்கள் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார்கள். நோய் தங்களிடம் வருமுன் வளர்ந்ததோ வளராததோ, கிடைத்ததை வலை போட்டு அள்ளிவிடுவார்கள். அதிலும் நான் தண்ணீர் பார்க்கிறவன். நான் தும்மினாலே என்னவென்று கேட்க ஆள் வரும்.

அடுத்த பண்ணைக் காவலாளி ஓடி வந்தார். நான் பிள்ளை சொல்லித்தந்தபடி ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன்.

"சேர், என்ன நடந்தது?"

ரொக் பாட்டுப் பாடினேன் என்று சொல்ல நா எழவில்லை. "ஒண்டும் இல்ல. கால் வழுக்கிட்டுது," என்றேன். குரல் அழுது முடித்தவனுடையது மாதிரிக் கரகரத்தது.

அவர் என் காலைப் பார்த்தார். காய்ந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தார். பிறகு என் தோளில் கையை வைத்து, "கவலைப்படாதீங்க சேர், எல்லாருக்கும் வாறதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்குப் போன் எடுத்தேன். நான் ஹலோ சொன்னதுமே விஷயம் பிடிபட்டுவிட்டது. "என்ன செஞ்சீங்க அங்கிள்? இனிச் சனிக்கிழமைவரைக்கும் ஒரு சொல் கதைக்கக் கூடாது. குசுகுசுக்கவும் கூடாது. சும்மா இருந்தா சரியாகும். இன்னொரு தரம் அப்படிக் கத்தினா சனிக்கிழமை உங்களுக்கு இல்ல." நான் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதால் மனைவி வாங்கி, "தலையாட்டுறார் டீச்சர்," என்றார். வீட்டில் எனக்கு வாய்ப்பூட்டு போட்டதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அன்று இரவு பக்கத்துக் குளக்காரர்கள் ஒவ்வொருவராக என்னைப் போனில் கூப்பிட்டார்கள். நான் கதைக்கக் கூடாது, ஆகவே ஒன்றையும் எடுக்கவில்லை. நோய் வந்ததை மறைக்கிறவனும் அப்படித்தான் போன் எடுக்காமல் இருப்பான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வியாழன் காலை பண்ணைக்குப் போனால் வாய்க்கால் கரையில் ஐஸ் லொறி நிற்கிறது. வரம்புகளில் வலை குவிந்திருக்கிறது. குளக்காரர்கள் எட்டுப் பேர், முன்னால் காவலாளி, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் ராத்தா, எல்லோரும் அக்கா முறையில் அப்படிக் கூப்பிடுகிற முஸ்லிம் பெண். தொண்ணூறில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து பன்னிரண்டு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், முந்தலில் குத்தகைக்கு ஒரே ஒரு குளம் எடுத்து, ஆள் வைக்காமல் தானே தீன் போட்டு வளர்க்கிறவர். எங்கள் கடைசிக் குளத்துக்கு அடுத்தது அவருடையது, வாய்க்காலின் கடைசிக் குளமும் அதுதான். மேலே உள்ளவர்கள் வலை போட்டு மதகைத் திறந்தால் அந்தக் கலங்கல் முழுக்க அவர் தண்ணீர் எடுக்கிற இடத்தில்தான் வந்து நின்று இறாலைக் கொல்லும். அவருடைய இறால் சுண்டுவிரல் அளவு. இன்னும் மூன்று கிழமை வேண்டும். இந்த முறை குளம் போனால் அடுத்த முறை குஞ்சு விட அவருக்கு வழி கிடையாது.

"தம்பி, மெய்யச் சொல்லுங்க," என்றார் ராத்தா. "நோயா?"

நான் தண்ணீர்க் கணக்கு எழுதும் கொப்பியைத் திறந்து "நோய் இல்லை" என்று எழுதிக் காட்டினேன்.

"வாயால சொல்ல ஏலாத அளவுக்கு வந்திட்டுதா?" என்றார் மீசை வைத்த ஒரு குளக்காரர்.

தீன் தட்டைத் தூக்கிக் காட்டினேன். இறால்கள் துள்ளின. "செத்ததைப் பொறுக்கி எறிஞ்சிட்டு நல்லதைக் காட்டுறார்," என்றார் மீசைக்காரர். தன் ஆட்களைப் பார்த்து வலையை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

இனிச் சும்மா இருக்க முடியாது. பிள்ளையின் கட்டளையை மீறி வாயைத் திறந்தேன். "அது அலறல் இல்ல. நான் பாடினது."

ஒருவருக்கும் விளங்கவில்லை. திருப்பிச் சொன்னேன். கற்பிட்டி, ஹோட்டல், சனிக்கிழமை, இங்கிலீஸ் பாட்டு, பிள்ளையிடம் படித்த ஏழு கிழமை, எல்லாம் சொன்னேன். பதினெட்டு வருடம் மறைத்து வைத்த ஆசை ஐஸ் லொறிக்கு முன்னால் வெளியே வந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"அப்ப பாடிக் காட்டுங்க," என்றார் காவலாளி. கேட்கவேண்டும் என்பதற்காகச் சக்கரங்களை எல்லாம் நிறுத்தினார்கள்.

கால்களை ஊன்றி நின்றேன். தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு பாடவேண்டும் என்ற ஒரே யோசனைதான். நாடியைக் கீழே வைத்தேன். விலாவை இறுக்காமல் மூச்சு எடுத்தேன். கடைசி வரியை, எதிர்க் கரையில் நிற்கும் ஒருவரைக் கூப்பிடுகிற மாதிரி விட்டேன். ஓரங்களில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனால் சுரம் போய் நின்றது. அசையாமல் நின்றது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாகப் பாடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். யாரும் கை தட்டவில்லை.

ராத்தா மெதுவாகத் தலையை ஆட்டினார். "இது இல்ல தம்பி. இது பாட்டு. நேத்துக் கேட்டது வேற."

"அதுதானே," என்றார் மீசைக்காரர். "சேர் நல்லாத்தான் பாடுறார். ஆனா நேத்துப் பாடேல்ல."

காவலாளி நேற்றுக் கேட்டது எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் அலறிக் காட்டினார். அவருடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது என்பது என் எண்ணம். ஏழு கிழமை, பர்ர்ர், ஸ்ட்ரோ, கள்ளத்தொண்டை எல்லாம் சேர்ந்து என்னை நன்றாகப் பாட வைத்துவிட்டன, அதனாலேயே என்னை ஒருவரும் நம்பவில்லை. மீசைக்காரரின் வலை தண்ணீரில் இறங்கியது. ஒருவர் மதகுப் பலகையில் கையை வைத்தார்.

"நேத்து மாதிரிக் கத்தினா எனக்குச் சனிக்கிழமை பாட ஏலாமப் போகும்," என்றேன் ராத்தாவிடம். மற்றவர்களிடம் சொல்லி என்ன பயன். "டீச்சர் சொன்னவ. இன்னொரு தரம் கத்தினா குரல் போயிரும்."

ராத்தா மதகைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, என்ட குளம் போனா எனக்கு எந்தச் சனிக்கிழமையும் இல்ல."

 அவரை அப்படியே விட்டுவிட்டுக் கற்பிட்டிக்குப் போய் மைக்குக்கு முன்னால் நிற்க என்னால் முடியாது. நாடியைத் தூக்கினேன். இல்லாத தென்னை மரத்தில் இல்லாத குரும்பையைப் பார்த்தேன். தொண்டையை இறுக்கினேன். டீச்சர் எதையெல்லாம் செய்யாதே என்றாரோ அதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒழுங்காகச் செய்துகொண்டு உச்சியில் அடித்தேன்.

லொறி டிரைவர் கையில் இருந்த தேத்தண்ணியைத் தன் சாரத்தில் ஊற்றிக்கொண்டார். எங்கோ ஒரு நாய் ஊளையிட்டது.

"இதுதான்!" என்று காவலாளி துள்ளினார். தொலைந்த மாட்டைக் கண்டுபிடித்தவரின் சந்தோஷம் அவருக்கு. "இதேதான்! அல்லாஹ் மேல சத்தியமா, இதேதான் நேத்துக் கேட்டது!"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வரம்பில் குந்தியிருந்து சிரித்தார்கள். மதகிலிருந்து கை எடுபட்டது, வலை சுருட்டப்பட்டது. மீசைக்காரர் போகும்போது என் முதுகில் தட்டினார். "இதுக்கா சேர் ஒரு பிள்ளையிட்ட ஏழு கிழமை படிச்சீங்க?" நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை.

சனிக்கிழமையும் வரவில்லை. என் பாட்டைக் கேட்கவென்று சிலாபத்திலிருந்து எங்கள் வானிலேயே வந்த பிள்ளை, கற்பிட்டிப் பாலத்தைத் தாண்டுமுன் பாட்டின் சொற்களைப் போனில் பார்த்துப் பாடமாக்கிவிட்டது. அதே சுருதியில் பாடியது. நாடி ஒரு மயிரளவும் அசையவில்லை. வெள்ளைக்காரர்கள் கதிரைகளில் ஏறி நின்றார்கள். மனேஜரும் முதலாளியும் சீசன் முழுக்க வரச் சொன்னார்கள், அந்தப் பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு. நான் அதன் தோளுக்குப் பின்னால் நின்று ரிதம் அடித்தேன். பொறாமையாக இருந்தது. அதை மறைத்து என்ன. கடைசி வரி வந்தபோது என் வாய் தானாகத் திறந்தது, டிரம்ஸ்காரர் அதைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார். "கோவமா அங்கிள்?" என்று பிறகு பிள்ளை கேட்டது. இல்லை என்று தலையாட்டினேன்.

ஞாயிறு காலை போன் அடித்தது. ராத்தா.

"நேத்து எப்படிப் போச்சு தம்பி?"

நான் மூச்சுவிட்டேன். அதுதான் என்னால் முடிந்தது.

"அல்லாஹ்வே, கதைக்க ஏலாதா?" என்றார்.  "அப்ப நான் சொல்லுறன், நீங்க கேளுங்க. நேரில சொல்ல எனக்கு முகம் இல்ல. நீங்க மொதல் பாடினப்பவே நோய் இல்ல எண்டு எனக்குத் தெரியும். அதுக்கு முந்தியும் தெரியும், நோயா எண்டு கேட்டது நீங்களா மெய்யச் சொல்லுவீங்க எண்டுதான். காத்து உங்கட பக்கம் இருந்துதானே அடிக்குது. சக்கரம் ஓடினாலும் என்ட வரம்புக்குக் கேக்கும். ஏழு கிழமையா நான் தீன் போடுறாப்போல நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தன். எந்த இடத்தில நீங்க விழுறது, எந்த நாள் விழாம நிண்டது, எல்லாம் எனக்குத் தெரியும்."

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"அத அந்த ஆம்பிளையள்ட்ட எப்படிச் சொல்லுறது? ஒரு பொம்பள பின்னேரத்தில வேலியோரம் நிண்டு பாட்டுக் கேட்டன் எண்டு சொல்லவா? சொன்னாலும் நம்புவாங்களா? அவங்க நம்பாம மதகைத் திறந்தா என்ட குளம் போச்சு. நீங்க நல்லாப் பாடினதில ஒருத்தரும் நம்பேல்ல, அவங்கட முகத்தப் பாத்தன். அதான் இது இல்ல எண்டு சொன்னன். மத்தது மாதிரிக் கத்த வைக்கோணும் எண்டுதான் சொன்னன். சொல்லக்க நாக்குக் கூசிச்சுத் தம்பி. மேலெல்லாம் சிலிர்த்துப்போய் நிண்டுகொண்டுதான் இது இல்ல எண்டு சொன்னன்."

பின்னால் அவருடைய சக்கரங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. வரம்பிலிருந்துதான் பேசுகிறார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க. கோவம் எண்டா ஏசிருங்க. கேக்கிறன்."

கோபம் இருந்தது. ஒரு சனிக்கிழமையை என்னிடமிருந்து தெரிந்துகொண்டே எடுத்திருக்கிறார். ஆனால் அந்தப் பாட்டை நான் பாடியதை, விழுந்த நாளிலிருந்து நின்ற நாள்வரை, ஒருவர் முழுதாகக் கேட்டிருக்கிறார். அந்தச் சந்தோஷம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டையும் சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது.

"கேக்குது தம்பி," என்றார் ராத்தா.